சிங்கப்பூரில் சிறிய எஸ்யூவி: பத்தாண்டு வைத்திருந்தவர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈசூனில் வசிக்கும் எங்கள் குடும்பம் 2016ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஒரு சிறிய எஸ்யூவி வாங்கியது. ஜப்பானியத் தயாரிப்பு, 1,496 சிசி பெட்ரோல் எஞ்சின், சிவிடி கியர்பாக்ஸ் (படிப்படியான கியர்கள் இல்லாமல் தொடர்ச்சியாக மாறும் தானியங்கி வகை). அதன் உரிமைச் சான்றிதழ் இந்த ஆண்டு ஆகஸ்டில் முடிகிறது. இதே காலத்தில் என் நாத்தனாரும் பெரியப்பா மகனும் அலுவலக நண்பர்கள் சிலரும் இதே வகையில் வேறு வேறு வண்டிகளை வாங்கினார்கள். புதிதாகக் கார் வாங்க நினைக்கும் உறவினர்கள் எங்கள் எல்லாரிடமும் ஏறத்தாழ ஒரே கேள்விகளைக் கேட்டுவருவதால், நாங்கள் அனுபவித்ததை இங்கே தொகுத்து எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் "கட்டுப்படியான கார்" என்று ஒன்று உண்டா?

விலைச்சீட்டில் உள்ள எண்ணை மட்டும் பார்த்தால் இல்லை என்றே சொல்ல வேண்டும். 1990ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கிய வாகன ஒதுக்கீட்டு முறையின்படி, கார் வாங்குகிறவர் பத்தாண்டுகளுக்கு அதைச் சாலையில் ஓட்டும் உரிமையை, அதாவது சிஓஇயை, மாதம் இருமுறை நடக்கும் ஏலத்தின் வழியாகப் பெற வேண்டும். அந்த உரிமையின் விலை காரின் சொந்த விலையைவிட மிக அதிகமாகவும் இருக்கலாம். 2023 அக்டோபரில் ஏ பிரிவுச் சான்றிதழ் (சிறிய எஞ்சின் கார்களுக்கானது) 106,000 வெள்ளியை, அதாவது சிங்கப்பூர் டாலரை, தொட்டது. மூன்றே மாதத்தில், 2024 ஜனவரியில், 65,010 வெள்ளிக்கு இறங்கியது. 2025 அக்டோபரில் 120,000 வெள்ளியையும் தாண்டியது. ஆகவே ஒரே கார், ஒரே நிறம், ஒரே விற்பனையாளர் என்றிருந்தும், வாங்கிய மாதத்தைப் பொறுத்து இருவர் கொடுத்த விலையில் நாற்பதாயிரம் வெள்ளிக்கு மேல் வேறுபாடு வந்திருக்கிறது.

இதனால், கட்டுப்படியாகுமா என்ற கேள்விக்கு ஆண்டுக் கணக்கில்தான் விடை தேட வேண்டும். எங்கள் வண்டியின் மொத்த விலை ஒரு லட்சம் வெள்ளியை ஒட்டி வந்தது. பத்தாம் ஆண்டு முடிவதற்குள் பதிவை நீக்கினால், பதிவின்போது கட்டிய கூடுதல் பதிவுக் கட்டணத்தில் பாதி, அதாவது ஏறத்தாழ 9,500 வெள்ளி, திரும்பக் கிடைக்கும். மீதத்தைப் பத்தால் வகுத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 9,000 வெள்ளி தேய்மானம். இதனுடன் வீவகவின் (வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின்) கூரையிட்ட கார் நிறுத்துமிடத்துக்கு மாதம் 110 வெள்ளி வீதம் 1,320 வெள்ளி, சாலை வரி 682 வெள்ளி, காப்புறுதி 900 வெள்ளி, பெட்ரோல் 3,000 வெள்ளி, பராமரிப்பு 800 வெள்ளி என்று கூட்டினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 15,700 வெள்ளியாகிறது. மாதத்துக்கு 1,300 வெள்ளி. காப்புறுதி இவ்வளவு குறைவாக இருப்பதற்கு, ஐந்தாண்டு இழப்பீடு கோராமல் ஓட்டியதால் கிடைத்த 50 விழுக்காட்டுத் தள்ளுபடிதான் காரணம். முதல் ஆண்டில் நாங்கள் கட்டியது இதைப் போல் இரு மடங்கு.

இந்த 1,300 வெள்ளியைப் பேருந்து, ரயில், வாடகைக் கார் ஆகியவற்றுக்கு உங்கள் வீட்டில் ஆகும் செலவுடன் நேர்மையாக ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் வாரம் மும்முறை மருத்துவமனைக்குப் போக வேண்டிய அம்மா இருந்ததால்தான் நாங்கள் வாங்கினோம். அந்தத் தேவை இல்லாதிருந்தால் வாங்கியிருக்கமாட்டோம் என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

கடன் எவ்வளவு வாங்கலாம்?

சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் விதிப்படி, காரின் திறந்த சந்தை மதிப்பு (வரிகளும் சிஓஇயும் சேராத இறக்குமதி விலை) 20,000 வெள்ளி வரை இருந்தால் விலையில் 70 விழுக்காடும், அதற்கு மேல் இருந்தால் 60 விழுக்காடும் மட்டுமே கடனாகப் பெறலாம், அதிகபட்சம் ஏழாண்டு. விளம்பரத்தில் தெரியும் வட்டி விகிதம், கடன் குறைந்துகொண்டே வந்தாலும் முழு அசலுக்கும் கணக்கிடப்படுவது. உண்மையான வட்டி ஏறத்தாழ அதன் இரு மடங்கு. கையெழுத்திடுவதற்கு முன் ஏழாண்டில் கட்டப்போகும் மொத்தத் தொகையை வெள்ளியில் எழுதித் தரும்படி கேளுங்கள்.

ஏ பிரிவா, பி பிரிவா?

பெட்ரோல் காரின் எஞ்சின் 1,600 சிசிக்கும் 97 கிலோவாட் திறனுக்கும் மிகாமல் இருந்தால் அது ஏ பிரிவு. மின்சாரக் காருக்கு 110 கிலோவாட் எல்லை. இவற்றைத் தாண்டினால் பி பிரிவு. சிறிய எஸ்யூவிகளில் பெரும்பாலானவை இந்த எல்லைக்குள் நிற்கின்றன. ஹோண்டா வெசலின் முதல் தலைமுறை 1.5 பெட்ரோல் வண்டி 96 கிலோவாட் திறனுடன் எல்லைக்கு ஒரு படி கீழே நின்றது. டொயோட்டா ரைஸ், யாரிஸ் கிராஸ் போன்றவையும் ஏ பிரிவிலேயே வருகின்றன. பிஒய்டி அட்டோ 3 போன்ற மின்சார வண்டிகளை 100 கிலோவாட்டுக்குக் குறைத்து இங்கே விற்பதற்கும் இதுவே காரணம்.

கூடுதல் திறனுக்காகப் பி பிரிவுக்குப் போன நண்பர் ஒருவர், தீவின் கிழக்கிலிருந்து மேற்கு வரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான் இருக்கும் ஊரில், விரைவுச்சாலையின் வேக வரம்பும் 90 கிலோமீட்டரைத் தாண்டாத நிலையில், அந்தத் திறனைப் பயன்படுத்த இடமே கிடைக்கவில்லை என்று சொல்கிறார். அவர் கருத்துடன் நான் முழுமையாக உடன்படுகிறேன். சாலை வரியும் எஞ்சின் அளவைப் பொறுத்தது. 1.5 லிட்டருக்கு 682 வெள்ளி என்றால் 2 லிட்டருக்கு ஏறத்தாழ 1,210 வெள்ளி.

உண்மையில் எவை பழுதாயின?

இந்தக் கேள்விக்கு விரிவாகவே விடை சொல்ல வேண்டும். காரணம், "நம்பகமான வண்டி" என்ற சொல்லைக் கேட்டு, எதையும் மாற்ற வேண்டியிராது என்று நினைத்து வாங்கியவர்கள்தான் பின்னால் அதிகம் வருந்தினார்கள்.

எங்கள் வண்டி பத்தாண்டில் ஏறத்தாழ 145,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. எஞ்சினின் உட்பகுதியை ஒருமுறையும் திறக்கவில்லை. சாலையில் நின்றது இருமுறை மட்டும், இரண்டும் பேட்டரியால். குளிர் நாடுகளில் ஐந்தாண்டு உழைக்கும் பேட்டரி, இங்குள்ள வெப்பத்தில் இரண்டு அல்லது இரண்டரை ஆண்டில் அடங்கிவிடுகிறது. அது முன்னறிவிப்புக் கொடுக்காமல், பெரும்பாலும் மழை நாளில், கைவிடும். இப்போது இரண்டாம் ஆண்டு முடிந்ததுமே பேட்டரியைச் சோதித்து, தேவைப்பட்டால் மாற்றிவிடுகிறோம்.

நாலாம் ஆண்டில் முகப்பு விளக்கின் பிளாஸ்டிக் மூடி மஞ்சள் பூத்தது. திறந்தவெளியில் நிறுத்துகிற என் நாத்தனாரின் வண்டிக்கு இது இரண்டரை ஆண்டிலேயே வந்துவிட்டது. கதவோரத்து ரப்பரும் வெடித்தது. கூரையிட்ட நிறுத்துமிடத்துக்கு மாதம் 30 வெள்ளி கூடுதலாகக் கட்டுவது வீண் என்று நினைப்பவர்கள் இதைக் கருத்தில் கொள்ளலாம். ஆறாம் ஆண்டில் குளிர்சாதனத்தின் ஆவியாக்கியில் கசிவு ஏற்பட்டது. ஆண்டு முழுவதும் ஒரு நாளும் ஓய்வின்றிக் குளிர்சாதனம் ஓடும் ஊரில் இதை வண்டியின் குறையாகச் சொல்ல மனம் வரவில்லை. ஏழாம் ஆண்டில் எஞ்சினைத் தாங்கும் ரப்பர்களும் முன்சக்கரத் தாங்கிகளின் புஷ்களும் மாற்றப்பட்டன. பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் வளைவுகளில் ஒரு நாளைக்கு இருமுறை ஏறி இறங்கும் வண்டியில் இவை தேயாமல் இருக்காது.

சிவிடி கியர்பாக்ஸைப் பற்றித்தான் எல்லாரும் அஞ்சுகிறார்கள். நாங்கள் 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, தயாரிப்பாளர் சொல்லும் அதே வகை எண்ணெயை மாற்றிவந்தோம். இன்றுவரை தொல்லை இல்லை. எண்ணெயை ஒருமுறையும் மாற்றாமல் 100,000 கிலோமீட்டர் ஓட்டிய நண்பரின் வண்டி, நின்று புறப்படும்போது அதிரத் தொடங்கியது. அதிர்வு என்றதும் கியர்பாக்ஸ்தான் என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. ஏழாம் ஆண்டில் எங்கள் வண்டியும் அதிர்ந்தபோது, ஒரு பட்டறையில் கியர்பாக்ஸையே மாற்ற வேண்டும், 4,000 வெள்ளிக்கு மேல் ஆகும் என்றார்கள். நம்பிக்கை வராமல் வேறோர் இடத்தில் காட்டினோம். அங்கே இருந்த முதியவர் வண்டியைத் தூக்கி நிறுத்தி, கிழிந்திருந்த ஒரு தாங்கு ரப்பரைக் கையால் அசைத்துக் காட்டினார். 280 வெள்ளியில் வேலை முடிந்தது. அன்றிலிருந்து ஆயிரம் வெள்ளிக்கு மேற்பட்ட எந்தப் பழுதுக்கும் இன்னொருவரிடம் கேட்காமல் நாங்கள் ஒப்புதல் கொடுப்பதில்லை.

இந்த வகை வண்டிகளின் சிறப்பு என்று நான் கருதுவது இதுதான்: எங்கே தேயும், எப்போது தேயும் என்பது முன்கூட்டியே தெரியும், இந்த ஊரில் பலர் ஓட்டுவதால் உதிரிபாகம் அன்றே கிடைக்கும், எந்தப் பட்டறைக்காரருக்கும் அந்த வண்டி புதிதல்ல. அரிதான வண்டி வாங்கிய பெரியப்பா மகன், ஒரு கதவுக் கைப்பிடிக்காக ஆறு வாரம் காத்திருந்தார்.

பெட்ரோல், ஹைபிரிட், மின்சாரம் ஆகியவற்றில் எது?

ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எங்கள் பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 14 கிலோமீட்டர் தருகிறது. இப்போது யாரிஸ் கிராஸ் ஹைபிரிட் வைத்திருக்கும் என் நாத்தனார் 20 கிலோமீட்டருக்குக் குறையாமல் பெறுகிறார். பெட்ரோல் லிட்டருக்கு 2.80 வெள்ளி என்றால், ஆண்டுக்கு அவருக்கு 900 வெள்ளி மிச்சம். ஹைபிரிட்டுக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் விலையை இந்த 900 வெள்ளியால் வகுத்துப் பார்த்தால், எத்தனை ஆண்டில் ஈடாகும் என்று தெரிந்துவிடும். வாடகைக்கு ஓட்டுபவர்களுக்கு இரண்டு மூன்று ஆண்டிலேயே ஈடாகிவிடும்.

ஹைபிரிட் என்றாலே எல்லாம் ஒன்று என்று எண்ண வேண்டாம். முதல் தலைமுறை வெசல் ஹைபிரிட்டில் ஏழு கியர் கொண்ட இரட்டைக் கிளட்ச் பெட்டி இருந்தது. அதன் கட்டுப்பாட்டு மென்பொருளைத் திருத்துவதற்காக 2014இல் ஜப்பானில் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. டொயோட்டாவின் அமைப்பு முற்றிலும் வேறானது, அதில் அத்தகைய கிளட்ச்சே கிடையாது. பயன்படுத்திய ஹைபிரிட் வாங்குபவர்கள் எந்தத் தலைமுறை, எந்தக் கியர்பாக்ஸ் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மின்சார வண்டி உங்கள் புளோக்கின் கார் நிறுத்துமிடத்தில் எத்தனை மின்னூட்ட முனைகள் உள்ளன என்பதைப் பொறுத்தது. மாலை ஏழு மணிக்கு அங்கே போய் நின்று பாருங்கள். அப்போது காலியாக இருந்தால் தயங்காமல் வாங்கலாம். 2030 முதல் புதிதாகப் பதியப்படும் கார்கள் அனைத்தும் தூய எரிசக்தி வகையைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும் என்று அரசாங்கம் அறிவித்துள்ளது. ஹைபிரிட் அதில் அடங்கும், வெறும் பெட்ரோல் வண்டி அடங்காது.

வயதானவர்கள் ஏறி இறங்க வசதியா?

எங்களைப் பொறுத்தவரை இந்த வண்டியை வாங்கியதற்கு முதற்காரணமே இதுதான். அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். அப்பாவின் பழைய செடான் காரில் அவர் உட்கார வேண்டுமானால், கதவைப் பிடித்துக்கொண்டு உடலைத் தாழ்த்தி, கடைசி ஓரடியை விழுவதுபோல் கடக்க வேண்டியிருந்தது. எழும்போது ஒருவர் கைகொடுத்துத் தூக்க வேண்டும். பெரிய எஸ்யூவிகளில் எதிர்ச்சிக்கல்: புடவை கட்டியவர் காலை உயரத் தூக்கிப் படியேற வேண்டும். சிறிய எஸ்யூவியின் இருக்கை, ஏறத்தாழ நம் இடுப்புக்குக் கீழே, சாப்பாட்டு நாற்காலியைவிடச் சற்று உயரத்தில் இருக்கிறது. முதுகைத் திருப்பி உட்கார்ந்து, பிறகு காலை உள்ளே இழுத்துக்கொண்டால் போதும். சிராங்கூன் சாலையில் கோயில் வாசலில் நிறுத்தினால், பின்னால் வரும் பேருந்து ஒலி எழுப்புவதற்குள் அம்மா தாமாகவே இறங்கிவிடுகிறார்.

வாங்குவதற்கு முன் காட்சிக்கூடத்துக்கு வீட்டிலுள்ள மூத்தவரையே அழைத்துச் செல்லுங்கள். புடவையோ வேட்டியோ வழக்கமாக உடுத்துவதையே உடுத்தி ஐந்து முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். எங்கள் பட்டியலில் முதலிடத்தில் இருந்த வண்டி, பின்கதவுத் திறப்பு குறுகலாக இருந்ததால் அம்மாவின் தலை இடித்து, அன்றே நீங்கியது.

ஐந்து பேரும் சாமான்களும் கொள்ளுமா?

நான்கு பேருக்குத் தாராளம். ஐந்தாமவருக்கு நடு இருக்கை ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. 1.35 மீட்டர் உயரத்துக்குக் குறைவான பிள்ளைகளுக்குப் பொருத்தமான சிறப்பு இருக்கை கட்டாயம் என்பதால், இரண்டு பிள்ளை இருக்கைகளைப் பொருத்திவிட்டால் இடையில் பாட்டி உட்கார முடியாது. மூன்று தலைமுறையும் ஒன்றாகப் போகும் குடும்பம் என்றால் ஏழு இருக்கை வண்டியையே பாருங்கள்.

பின்னிருக்கையை மடிக்கும் விதம் வண்டிக்கு வண்டி மாறுகிறது. வெசலில் பெட்ரோல் தொட்டி முன்னிருக்கைக்கு அடியில் இருப்பதால், பின்னிருக்கையின் அமரும் பகுதியை மேல்நோக்கி நிமிர்த்தி வைக்கலாம். பொங்கலுக்குத் தேக்கா சந்தையில் வாங்கும் கரும்பை மடித்த இருக்கைமேல் நீளவாக்கில் படுக்கவைக்கலாம், தொட்டிச் செடியையோ உறையிட்ட மிருதங்கத்தையோ நிமிர்ந்த இருக்கைக்கு முன்னால் நிற்கவைக்கலாம். எல்லா வண்டியிலும் இது கிடையாது.

நிறுத்துமிடத்தில் அடங்குமா?

அடங்கும். இங்கே ஒரு கட்டத்தின் குறைந்தபட்ச அளவு 2.4 மீட்டருக்கு 4.8 மீட்டர், இந்த வகை வண்டிகள் 4 முதல் 4.4 மீட்டர் நீளமும் 1.7 முதல் 1.8 மீட்டர் அகலமும் கொண்டவை. ரைஸ் இவற்றுள் மிகக் குறுகியது.

உயரமான வண்டி வெள்ளத்தில் போகுமா?

போகாது, போகவும் கூடாது. தரையிலிருந்து இவற்றின் அடிப்பகுதி செடான் காரைவிடச் சில சென்டிமீட்டர் மட்டுமே உயரம். காற்றை உள்ளிழுக்கும் குழாய் வழியே நீர் புகுந்தால் எஞ்சின் அத்துடன் முடிந்தது. 2010 ஜூனில் ஆர்ச்சர்ட் சாலையே நீரில் மூழ்கியதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மலேசியாவுக்கு ஓட்டிச் செல்ல ஏற்றதா?

மிக ஏற்றது, தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கும் பள்ளி விடுமுறையில் பினாங்குக்கும் பலமுறை போயிருக்கிறோம். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 17 கிலோமீட்டர் வரை கிடைத்தது. கேமரன் மலையில் நால்வருடனும் பெட்டிகளுடனும் ஏறும்போது 1.5 லிட்டர் எஞ்சின் இரைந்தது, ஆனால் சளைக்கவில்லை. இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல் கியரைத் தாழ்த்தி வைப்பது அவசியம்.

புறப்படுவதற்கு முன் சில விதிகளை நினைவில் கொள்ளுங்கள். சிங்கப்பூர் வண்டி உட்லண்ட்ஸ் வழியாகவோ துவாஸ் வழியாகவோ வெளியேறும்போது பெட்ரோல் தொட்டி முக்கால் பங்காவது நிரம்பியிருக்க வேண்டும். மலேசியாவின் வாகன நுழைவு அனுமதி இல்லாத வண்டிக்கு 2025 ஜூலை 1 முதல் 300 ரிங்கிட் அபராதம். ஒவ்வொரு முறை நுழையும்போதும் 20 ரிங்கிட் சாலைக் கட்டணம். அங்கே ரான் 95 பெட்ரோலை வெளிநாட்டு வண்டிகளுக்கு விற்பது 2010 முதலே தடைசெய்யப்பட்டுள்ளது; ரான் 97 நிரப்புங்கள்.

பயன்படுத்திய வண்டி வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் வண்டியைவிட அதன் பழுதுபார்ப்புப் பதிவேட்டை முதலில் பாருங்கள். இந்த வகையில் பல வண்டிகள் தனியார் வாடகைக்கு ஓடியவை. ஐந்தாண்டில் 250,000 கிலோமீட்டர் கடந்தவையும் உண்டு. அவை கெட்ட வண்டிகள் என்று நான் சொல்லமாட்டேன், முறையாக எண்ணெய் மாற்றப்பட்டவை சொந்த உபயோகத்து வண்டியைவிட நன்றாகவே ஓடுகின்றன. ஆனால் விலையில் அது தெரிய வேண்டும். சோதனை நிலையத்தில் நூற்றுச் சொச்சம் வெள்ளி கொடுத்து முழுப் பரிசோதனை செய்துகொள்ளாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த, லெமன் சட்டம் என்று பேச்சுவழக்கில் அறியப்படும் விதிகள் பயன்படுத்திய காருக்கும் பொருந்தும். வாங்கிய ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், ஒப்படைக்கும்போதே அது இருந்ததாகக் கொள்ளப்படும். மறுத்து நிரூபிப்பது விற்றவரின் பொறுப்பு.

பத்தாண்டு முடிந்தபின் புதுப்பிப்பதா, கொடுத்துவிடுவதா?

சான்றிதழை ஐந்தாண்டுக்கோ பத்தாண்டுக்கோ புதுப்பிக்கலாம். கட்ட வேண்டியது, கடந்த மூன்று மாத ஏல விலையின் சராசரி. ஐந்தாண்டு என்றால் அதில் பாதி. ஐந்தாண்டுக்குப் புதுப்பித்த வண்டியை மறுபடியும் புதுப்பிக்க இயலாது. புதுப்பித்தால், திரும்பக் கிடைக்கவேண்டிய அந்த 9,500 வெள்ளி போய்விடும். இதைக் கணக்கில் சேர்க்காமலே "புதுப்பிப்பது மலிவு" என்று பலர் சொல்கிறார்கள்.

சராசரி 110,000 வெள்ளி என்று கொள்வோம். ஐந்தாண்டுக்கு 55,000 வெள்ளி, இழந்த 9,500 வெள்ளி, ஆக 64,500 வெள்ளி. ஆண்டுக்கு 12,900 வெள்ளி. இதே வகையில் புதிய வண்டி 175,000 வெள்ளி என்றால், முடிவில் திரும்பக் கிடைப்பதைக் கழித்தாலும் ஆண்டுக்கு 16,000 வெள்ளிக்குக் குறையாது. வேறுபாடு 3,000 வெள்ளிக்கு மேல். இதிலிருந்து கூடுதல் சாலை வரியைக் கழிக்க வேண்டும்: பதினோராம் ஆண்டில் 10 விழுக்காடு தொடங்கி, ஆண்டுக்குப் பத்துப் பத்தாக ஏறி, 50 விழுக்காட்டில் நிற்கும். இதுவரை ஈராண்டுக்கு ஒருமுறை இருந்த கட்டாயப் பரிசோதனை இனி ஆண்டுதோறும் வரும். பழுதுச் செலவும் ஏறும். அதற்கு ஆண்டுக்கு 1,500 வெள்ளி ஒதுக்குவது நியாயம் என்று நினைக்கிறேன்.

எண்ணெயைக் குடிக்கும் எஞ்சின், விபத்தில் வளைந்த சட்டகம், அடித்தளத்தில் துரு, காரணம் தெரியாத அதிர்வு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் புதுப்பிக்க வேண்டாம்; பத்தாம் ஆண்டு முடிவதற்குள் கொடுத்துத் தொகையைப் பெற்றுக்கொள்ளுங்கள். எங்கள் வண்டியைச் சென்ற மாதம் தூக்கி நிறுத்திப் பார்த்ததில் இவற்றில் ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு இப்போது 74 வயது. வேறு வண்டியின் இருக்கை உயரத்துக்கு அவர் முழங்காலைப் பழக்க எனக்கு விருப்பமில்லை. ஆகஸ்டில் ஐந்தாண்டுக்குப் புதுப்பிக்கிறோம். அதற்கு முன் நான்கு அதிர்வுதாங்கிகளையும் நீர்ப் பம்பையும் மாற்றச் சொல்லியிருக்கிறோம், முதுகுச் சாய்வில் தேய்ந்துபோன பின்னிருக்கைத் துணியையும்.